ஆரோக்கியசாமியின் இரண்டு விரல்கள்

மலேசியாவில் முதல் நாள் காலையில் மட்டும் நான்கு பேர் என்னிடம், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் பட்டினி கிடந்தவனிடம்தான் அப்படிக் கேட்போம். என் முகம் அப்படி இருக்கிறதா என்று குளியலறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். காலைப் பலகாரம் சாப்பிடுவதற்கு அங்கே அதுதான் பேர் என்று பிறகு தெரிந்தது.

ஜொகூர் மாநிலத்தில் கூலாய் என்ற ஊரில் என் தங்கை மகள் நிர்மலாவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் குழந்தைக்கு ஞானஸ்நானம். தங்கைக்கு முட்டுவலி, விமானத்தில் காலை மடக்கி உட்கார முடியாது. நிர்மலாவுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் முறை செய்ய என்னை அனுப்பினார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கோயில்குட்டியாராக இருக்கிறேன். ஆலயத்தில் மணி அடிப்பது, கூட்டிப் பெருக்குவது, பாய் விரிப்பது, தண்ணீர் நிரப்புவது எல்லாம் என் வேலை. யாராவது இறந்தால் துக்கமணி அடிப்பதும் நான்தான்.

இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்த வேலையில் இருந்தும், பிறர் முன்னால் ஒரு தடவைகூட நான் வாய்விட்டு ஜெபித்ததில்லை. "யாராவது ஒருவர் ஜெபிக்கலாம்" என்று ஐயர் சொன்னால், தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவேன். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்போம். அந்தத் தொட்டி ஒரு நாளும் வழிந்ததில்லை.

முதல் நாள் ரொட்டி சானாய் என்று ஒன்று கொடுத்தார்கள். தின்றுபார்த்தேன். பரோட்டா. அதைச் சொன்னதும் நிர்மலாவின் புருஷன் ஸ்டீபனுக்கு முகம் மாறிவிட்டது. "மாமா, பரோட்டா வேற, ரொட்டி சானாய் வேற" என்றார். வித்தியாசம் தெரிகிறதா என்று இரண்டாவதைத் தின்றேன். தெரியவில்லை. மூன்றாவதையும் தின்றேன்.

இரண்டாம் நாள் மாலையில் சபைச் செயலாளர் சிஸ்டர் ரெஜினா வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு இன்னும் எடுக்கவில்லை. ஐயர் கொடுத்தனுப்பிய அறிமுகக் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். வெளியூர் போகிறவர்கள் அங்குள்ள சபையில் கொடுக்கும் கடிதம் அது. உறை ஒட்டியிருந்ததால் நான் படிக்கவில்லை. ரெஜினா நின்றபடியே படித்தார்.

"அலமாக்! பிரதர், இருபத்து மூணு வருஷமா ஊழியத்துல இருக்கீங்களா? சொல்லவே இல்லையே லா!" அலமாக் என்றால் அங்கே 'அடடே', லா என்பது பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் வால்.

'இவர் எங்கள் சபையில் இருபத்து மூன்று ஆண்டுகளாக உண்மையோடு ஊழியம் செய்துவருகிறார்' என்று ஐயர் எழுதியிருந்தார். கிறிஸ்தவர்களுக்கு நடுவில் ஊழியம் என்றால் பிரசங்கம், ஜெபம், நோயாளியின் தலையில் கை வைப்பது. துடைப்பத்தை யாரும் அதில் சேர்ப்பதில்லை.

"இல்லம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"தாழ்மை!" என்று ரெஜினா நிர்மலாவின் மாமியாரிடம் சொன்னார். "உண்மையான ஊழியக்காரங்க அதிகம் பேச மாட்டாங்க. நம்ம ஆளுங்கதான் மைக்க விட மாட்டாங்க."

அதற்குப் பிறகு நான் பேசாமல் இருக்க இருக்க என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அடுப்படியில் நிர்மலாவைப் பிடித்து, "நீயாவது சொல்லேம்மா" என்றேன்.

"நாலு நாள்தானே, சும்மா இருங்க மாமா. என் மாமியார் அதுக்குள்ள தெருவுக்கே சொல்லிட்டாங்க."

மூன்றாம் நாள் காலையில் ஸ்டீபனின் போனை வாங்கி ஐயரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, கடிதத்துல என்னமோ தப்பா விழுந்துட்டு. இங்க என்னைய ஊழியக்காரர்னு நினைச்சிட்டாங்க."

"ஒரு எழுத்தும் தப்பில்லையே செல்லத்துரை."

"நான் கூட்டிப் பெருக்குறவன் ஐயா."

"ஆமா, அதைத்தான் எழுதுனேன். அங்கயும் தொட்டி நிரம்பிட்டான்னு பாக்க ஓடிராதேயும்."

தொட்டி விஷயம் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். போனை வைத்துவிட்டு அன்று முழுவதும் குழந்தையின் துணிகளைக் காயப்போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். மலேசியாவில் மழை பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவையும் நான்கு மணிக்கு ஒரு தடவையும் வருகிறது. நல்ல வேலை இருந்தது.

நான்காம் நாள் காலையில் ரெஜினா வந்து, "பிரதர், காடி வெளிய நிக்குது, ஏறுங்க" என்றார். எனக்குத் தெரிந்த காடி, சிலுவையில் ஆண்டவருக்குக் குடிக்கக் கொடுத்த புளிப்பு. கொஞ்சம் யோசித்தேன். அங்கே காருக்குத்தான் காடி என்று பேர். எங்கே போகிறோம் என்று கேட்டேன். சாஆ என்றார். அந்த ஊர்ப் பெயரை அவர் சொல்லி முடித்துவிட்டாரா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்று காத்திருந்தேன். அவ்வளவுதான் பெயர்.

வழி நெடுகச் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. எங்கள் ஊர்ப் பனைபோல உயர்ந்து ஒல்லியாக நிற்காது. தடித்துக் குட்டையாக, தலை வாராமல் நிற்கிறது. இரண்டு மணி நேரம் அதையே பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும்.

"ஆரோக்கியசாமி அங்கிள்னு ஒருத்தரு. ரொம்ப வருஷமா இனிப்பு நீர்" என்றார் ரெஜினா.

"நல்லது" என்றேன். சர்பத் மாதிரி ஏதோ குடிக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமா பிரதர், எல்லாம் நன்மைக்குத்தான்" என்றார். நாம் சர்க்கரை வியாதி என்பதை அங்கே இனிப்பு நீர் என்கிறார்கள் என்று அடுத்த ஐந்து நிமிடத்தில் புரிந்தது. கால்விரல் இரண்டு கறுத்துவிட்டதாம். எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நேத்துதான் ஆப்பரேஷன் தேதி. முந்தாநாள் ராத்திரி அவர் சம்சாரம் போன் பண்ணாங்க. இந்தியாவுலருந்து ஊழியக்காரர் வந்திருக்காரு, கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். போகாம இருந்துட்டாங்க. விசுவாசத்தப் பாருங்க பிரதர்!"

நான் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியம், சாஆவில் ஒரு மனிதரின் ஆப்பரேஷனை நிறுத்திவிட்டது. இந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும் என்று, "சிஸ்டர்" என்று வாயைத் திறந்தேன். பின்சக்கரம் வெடித்தது.

யோங் பெங் பக்கம், ஒரு பலகாரத் தள்ளுவண்டிக்கு எதிரே காடி நின்றது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. பேச வேண்டியதில்லை, சக்கரத்தைக் கழற்றினால் போதும். தள்ளுவண்டிக்கார மலாய்க்காரர் ஒரு செங்கல் கொண்டுவந்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். வேலை முடிந்ததும் அவர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார்.

"உங்க மெக்கானிக் கெட்டிக்காரரு, எங்க பிடிச்சீங்கன்னு கேக்குறாரு" என்றார் ரெஜினா. "மெக்கானிக் இல்ல, பாதிரியார்னு சொன்னேன்."

தள்ளுவண்டிக்காரர் என் கைகளைப் பார்த்தார். நம்பவில்லை. இருந்தாலும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து ஆறு துண்டு கொடுத்தார். நம் ஊர் பஜ்ஜியைவிட மொறுமொறுப்பு. நாலு துண்டு ரெஜினா தின்றார்.

அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் மைதானத்தில் வருஷா வருஷம் சுகமளிக்கும் கூட்டம் நடக்கும். முடிந்த பிறகு மைதானத்தைக் கூட்டுகிறவன் நான். செருப்பு கிடைத்திருக்கிறது, குடை கிடைத்திருக்கிறது, ஒரு தடவை பல் செட் கிடைத்தது. ஒரு ஊன்றுகோல்கூடக் கிடைத்ததில்லை. அற்புதத்தை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். எதிர்பார்ப்பதில்லை, அவ்வளவுதான். என் அண்ணனுக்காக ஒரு முறை மனமுருகிக் கேட்டேன். அண்ணன் போய்விட்டார். அதிலிருந்து ஆண்டவரிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்டால்தானே இல்லை என்று வரும்.

ஆரோக்கியசாமி பெரிய ஆள். செம்பனைக் காய் ஏற்றும் லோரி ஓட்டியவர். வாசலைப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை முக்காலி மேல் நீட்டி, துண்டால் மூடியிருந்தார். அவர் பெயரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மனைவி தனம், "வாங்க பிரதர், பசியாறிட்டீங்களா?" என்றார். ஆயிற்று என்றேன்.

"இந்தியாவுல எந்தப் பக்கம்?" என்று ஆரோக்கியசாமி கேட்டார்.

"சாத்தான்குளம்."

"சாத்தானா?"

"பேரு அப்படி."

"தனம், கேட்டியா? சாத்தான் ஊருலருந்து ஊழியக்காரர கூட்டிட்டு வந்திருக்காங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றார் தனம். ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை. சிரிப்பதற்காகச் சொன்னதாகவும் தெரியவில்லை.

ரெஜினா ஒரு பாட்டுப் பாடினார். வேத வசனம் வாசித்தார். பிறகு, "இப்ப பிரதர் கை வச்சு ஜெபிப்பாங்க" என்று சொல்லிக் கண்ணை மூடினார். தனமும் மூடினார். ஆரோக்கியசாமி துண்டை விலக்கிவிட்டுக் கடைசியாக மூடினார்.

இரண்டு விரல்களும் கரிபோல இருந்தன. அடுத்த விரலில் சிவப்பு ஏறியிருந்தது. வாடை வந்தது. சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் எனக்குத் தொட்டி எதுவும் இல்லை. ரெஜினா என் மௌனத்தை ஆழ்ந்த ஜெபம் என்று எடுத்துக்கொண்டு, "ஆமேன், ஆமேன்" என்றார்.

"கண்ணத் திறங்க" என்றேன். "நான் நீங்க நினைக்கிற ஊழியக்காரர் இல்ல. நான் கோயில்குட்டி."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன குட்டி?" என்றார் ஆரோக்கியசாமி.

"கோயில்குட்டி. கோயில் கூட்டுறவன். மணி அடிக்கிறவன்."

"ஆட்டுக்குட்டி மாதிரியா?"

"எங்க ஊர்ல அந்த வேலைக்கு அதுதான் பேரு."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய குட்டிய நான் பாத்ததில்ல லா" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி குலுங்கியது. காலில் வலி எடுத்து, "ஐயோ" என்றார். அப்படியும் சிரித்தார்.

தனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப நாங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம்? நேத்து தேதிய விட்டுட்டு?" என்றார். என்னிடம்தான் கேட்டார், ஆனால் ரெஜினாவைப் பார்த்துக் கேட்டார். ரெஜினா வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பு எம்மேலதான்" என்றேன். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல." பிறகு ஆரோக்கியசாமியைப் பார்த்துச் சொன்னேன். "எங்க ஊர் டெய்லர் ஒருத்தருக்கு இதே மாதிரிதான் வந்துச்சு. ஒரு விரல எடுக்கணும்னாங்க. பாப்போம் பாப்போம்னு இருந்தாரு. அவருக்கு நான்தான் துக்கமணி அடிச்சேன்."

அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

ஆரோக்கியசாமி ரெஜினா பக்கம் திரும்பினார். "சிஸ்டர் கோச்சிக்காதீங்க" என்றார். "நீங்க விசுவாசம் விசுவாசம்னு சொல்றப்ப எனக்கு வசதியா இருந்துச்சு. எனக்கு விசுவாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயம். மயக்க மருந்து குடுத்தா முழிக்க மாட்டேன்னு பயம். எங்கப்பன் முழிக்கல. அதத்தான் விசுவாசம்னு சொல்லி ஏமாத்திக்கிட்டு இருந்தேன்."

எனக்கு யாரோ என் சட்டைப்பையில் கைவிட்டதுபோல இருந்தது. நானும் இருபத்து மூன்று ஆண்டுகளாக ஒன்றுக்கு வேறு பேர் வைத்திருந்தேன். கூச்ச சுபாவம் என்றேன். ஐந்தாம் வகுப்பு என்றேன். பிறர் அதைத் தாழ்மை என்றபோது மறுக்கவில்லை. பயம்தான். கேட்டு, இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"பிரதர், நீங்க யாரா வேணும்னாலும் இருங்க" என்றார் ஆரோக்கியசாமி. "வந்தது வந்துட்டீங்க. ஜெபிச்சிட்டுப் போங்க."

"எனக்குப் பழக்கமில்ல."

"எனக்கும்தான் விரல் வெட்டிப் பழக்கமில்ல."

நான் தரையில் உட்கார்ந்தேன். அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. எங்கள் ஐயர் ஜெபிக்கும் வார்த்தைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம், ஒன்றுகூட வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, இவர் ஆரோக்கியசாமி. உமக்குத் தெரியும். விரல் ரெண்டும் கறுத்துப்போச்சு. நீர் நினைச்சா இப்பவே சரியாக்கலாம். சரியாக்கும்னு கேக்குறேன். கேக்கப் பயமாத்தான் இருக்கு, ஆனா கேக்குறேன். அப்படி இல்லன்னா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவாரு. முழிக்க வச்சிரும். பாதத்த விட்டுவையும். ஆமேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கண்ணைத் திறந்து பார்த்தேன். விரல்கள் கறுப்பாகத்தான் இருந்தன. ஆரோக்கியசாமியும் பார்த்தார்.

"ஆகலயே பிரதர்."

"ஆகல."

"சரி. தனம், அந்த நீலச் சட்டைய எடுத்துவை. காலையில போலாம்."

அன்று நானும் ரெஜினாவும் அங்கேயே தங்கினோம். ஐந்தாம் நாள் காலையில் ரெஜினாவின் காடியிலேயே போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் ரெஜினா தனத்தின் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்க லா" என்றார். தனம் கையை எடுக்கவில்லை.

தேதியைத் தவறவிட்டவர்களை உடனே எடுப்பார்களோ மாட்டார்களோ என்று பயந்தோம். ஒரு மலாய் டாக்டரம்மா காலைப் பார்த்தார். அன்று மத்தியானமே எடுத்துவிடலாம் என்றார். தள்ளுவண்டிக் கட்டிலில் படுக்கவைத்த பிறகு ஆரோக்கியசாமி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். நடைபாதையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். நேற்றுச் சொன்னதையே சொன்னேன். சரியாக்கும் என்பதையும் விடாமல் கேட்டேன். கட்டிலைத் தள்ள வந்தவர் முடியும்வரை நின்றார்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். மூன்றாவதை விட்டுவிட்டார்கள். சாயங்காலம் அவர் முழித்து, முதலில் தண்ணீர் கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முட்டிக்குக் கீழே காலே போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதாக ரெஜினா மொழிபெயர்த்தார். இது அற்புதம்தான் பிரதர் என்றார். எனக்குத் தெரியவில்லை. விரல் போனது போனதுதான். ஆனால் பயந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வண்டி ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். பயந்துபோயிருந்த இன்னொருவன் முப்பது பேர் முன்னால் வாயைத் திறந்ததும் எனக்குத் தெரியும். இரண்டும் எப்படி நடந்தன என்று என்னால் விளக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. நான் யார் என்பதை நிர்மலாவின் மாமியாரிடம் நானே சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கோழிக்கறியை என் இலைக்குத் தள்ளினார்.

திங்கட்கிழமை, புறப்படுவதற்கு முந்தின நாள், ஆரோக்கியசாமியைப் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மலேசிய ஆஸ்பத்திரிக் கஞ்சியில் இஞ்சி போடுகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியசாமியிடம் மலாயில் ஏதோ கேட்டார்.

"அன்னைக்கு நடைபாதையில நீங்க பேசுனத இவரும் பாத்தாராம்" என்றார் ஆரோக்கியசாமி. "யார்கிட்ட பேசுனாருன்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மேல கையக் காட்டுனேன்."

சீனப் பெரியவர் கூரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, போர்வையை விலக்கி இடது காலைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தினார். முழங்கால்வரை கட்டுப் போட்டிருந்தது.

"நாளைக்கு இவருக்கு ஆப்பரேஷன்" என்றார் ஆரோக்கியசாமி. "தமிழ் தெரியாது லா இவருக்கு."

நான் எழுந்து அந்தக் கட்டிலுக்குப் போனேன். "பேரு என்னன்னு மட்டும் கேளுங்க" என்றேன்.

பெரியவர் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடியும் சொன்னேன். அதுவும் தப்பு. என் வாயைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, எழுத்து எழுத்தாக, இன்னொரு முறை சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆரம்பித்தேன்.